தூதுப் பொறி யாருடையது?

சென்ற சில மாதங்களாக நம் கல்லூரியில் ஆசிரியர் அறையிலும் விடுதி முற்றத்திலும் ஒரு பேச்சு நடந்து வருகின்றது. கணிப்பொறித் துறை மாணவர் சிலர், பயனற்றுக் கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்றைத் தூசு துடைத்தெடுத்து, அதில் ஒரு நிரலை நிறுவி, கல்லூரிச் செய்திகள் யாவும் வாட்ஸ்அப் வழியே தாமாகச் செல்லுமாறு செய்ய முன்வந்திருக்கின்றனர். தேர்வுக் கட்டணம் செலுத்தற்குரிய கடைசி நாள், நுழைவுச் சீட்டு வந்துள்ள செய்தி, மழையால் விடுமுறை, விடுதியிற் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெற்றோர்க்கு அறிவித்தல் ஆகிய இவையனைத்தும் ஒரு பொத்தானை அழுத்திய அளவில் உரியவர் கையிற் சேரும் என்றும், அதற்கு ஒரு காசும் செலவில்லை என்றும் அவர்கள் கூறுகின்றனர். அவர்தம் ஊக்கம் பாராட்டத்தக்கதே. ஆயினும் அவர்கள் கூறிய மற்றொரு சொல்லே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "ஐயா, சர்வர் நம்முடையது, ஆதலால் நாம் யாரையும் நம்பியிருக்க வேண்டுவதில்லை" என்பதே அச்சொல்.

அதன் முற்பகுதி மெய், பிற்பகுதி மெய்யன்று. யாம் கூறப்புகுந்தது இவ்வளவே. எனினும் இவ்வளவோடு நிறுத்தின் மாணவ நண்பர்கள் எம்மைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவர். ஆதலின் காரணங்காட்டுதல் எம் கடனாகின்றது.

இத்துறையிற் பழகாத நேயர்களும் இவ்விதழைப் படிப்பராகலின், பொருளை முதற்கண் விளங்கவுரைப்போம். கல்லூரி அலுவலகத்திற் கட்டணம் செலுத்தும் சாளரத்தை நாம் யாவரும் அறிவோம். உள்ளே எத்தனை பேரேடுகள் உள, யார் எழுதுகின்றார், எங்கே பூட்டுகின்றார் என்பன நமக்குத் தெரியா, தெரியவும் வேண்டா. தாளை நிரப்பி உரிய பணத்தோடு நீட்டினால் இரசீது வருகின்றது. நிரலுக்கும் நிரலுக்கும் இடையே அமைந்த அத்தகைய சாளரத்தையே ஏ.பி.ஐ. என வழங்குகின்றனர். வருகைப் பதிவு நிரல் ஒன்று, "இன்ன எண்ணுக்கு இன்ன சொற்களை அனுப்புக" என ஒரு சீட்டை நீட்டும். தூது நிரல் அதனை ஏற்று, செய்திக்கு ஓர் அடையாள எண்ணைத் திருப்பித் தரும். அச்சாளரத்தைப் பிறர் ஒருவரிடம் வாடகைக்குக் கொள்ளாது நம் கணிப்பொறியிலேயே அமைத்துக்கொள்வதுதான் மாணவர் கூறும் திட்டம்.

அது நடைபெறும் விதத்தையும் சிறிது அறிதல் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் வாட்ஸ்அப் நிறுவனத்தார், ஒரு கைபேசிக் கணக்கோடு வேறு நான்கு கருவிகளை இணைத்துக்கொள்ளவும், கைபேசி அணைந்திருப்பினும் அவற்றில் உரையாடவும் வழிசெய்யத் தொடங்கினர். கணிப்பொறித் திரையில் தோன்றும் கியூ.ஆர். குறியைக் கைபேசியாற் படம் பிடித்தால் இணைப்பு முடிந்துவிடும். இவ்வசதி மனிதர்க்கென அமைந்தது. இதன்கண் ஒரு நிரல் நுழைந்து, தானும் ஒரு மனிதன் பயன்படுத்தும் கணிப்பொறியே என்பதுபோல் தன்னை இணைத்துக்கொள்கின்றது. வாட்ஸ்அப்-வெப்.ஜேஎஸ் என்னும் நிரற்றொகுதி கண்ணுக்குப் புலனாகாத குரோம் உலாவியைத் திறந்து அதனுள் வேலை செய்யும். நினைவகத்தை நிரம்ப உண்ணும். பெய்லிஸ், வாட்ஸ்மியோ என்பன உலாவியின்றியே நிறுவனத்தாரின் சர்வரோடு நேரே பேசவல்லன. இவற்றின்மேல் சாளரம் கட்டித் தருவன வாஹா, எவல்யூஷன் ஏ.பி.ஐ. முதலியன. டாக்கர் என்னும் பெட்டிக்குள் இவற்றை இறக்கி, ஒரு திறவுச்சொல் வைத்து, குறியைப் படம் பிடித்துவிட்டால், தேநீர் வேளைக்குள் முதற் செய்தி போய்ச் சேரும். மாணவர் எமக்குச் செய்து காட்டியபோது யாமும் வியந்தோம், மறைப்பானேன்?

நிற்க. இவ்வளவிலும் நம்முடையது யாது? சாளரம் நம்முடையது, சாளரத்துக்குப் பின்னிருக்கும் எழுத்தர் நம்முடையவர். அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நடக்கும் சாலையோ வேறொருவருடையது. செய்தி நம் பழைய கணிப்பொறியினின்று புறப்பட்டு, 2014-இல் வாட்ஸ்அப்பை விலைக்கு வாங்கிய ஃபேஸ்புக்கின், அஃதாவது இன்று மெட்டா எனப் பெயர்பூண்ட நிறுவனத்தின் சர்வர் வழியாகவே பெற்றோர் கைபேசிக்குச் செல்கின்றது. அச்சாலையின் மொழி வெளியாருக்கென வெளியிடப்பெற்றதன்று. ஆர்வலர் சிலர் உய்த்துணர்ந்து எழுதியது. நிறுவனத்தார் ஒரு நாள் அம்மொழியில் ஒன்றிரண்டு சொற்களை மாற்றுவாராயின், நிரலாசிரியர் அதனைக் கண்டு திருத்தி வெளியிடும்வரை நம் எழுத்தர் ஊமையாக நிற்பார்.

இன்னுமொன்று. அந்நிறுவனத்தாரின் விதிகள், தாம் இசையாத வழியில் தானியங்கியாகவோ மொத்தமாகவோ செய்தி அனுப்புதலை விலக்குகின்றன. 2019 டிசம்பர் 7-ஆம் நாள் முதல் அவ்வாறு செய்வோர்மீது வழக்குத் தொடுக்கவும் கூடும் என அவர்கள் முன்னரே அறிவித்திருந்தனர். 2021-இல் இந்திய அரசின் புதிய விதிகளின்படி அவர்கள் வெளியிட்ட முதல் மாத அறிக்கை எமக்கு நினைவிருக்கின்றது. அவ்வாண்டு மே 15 முதல் ஜூன் 15 வரை இந்தியாவில் மட்டும் 20 இலட்சம் கணக்குகள் தடுக்கப்பெற்றன. அவற்றுள் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இசைவற்ற தானியங்கி முறையிலோ மொத்தமாகவோ செய்தி அனுப்பியமையால் தடுக்கப்பெற்றவை என்பது அதிற் கண்ட செய்தி. அக்கணக்குகளுக்கு உரியோர் எல்லாரும் மோசடிக்காரர் என்று யாம் நினைக்கவில்லை. நம் மாணவரைப் போன்ற நல்லெண்ணமுடையாரும் அவருள் இருந்திருப்பர்.

நிறுவனத்தாரைக் குறை கூறுதற்காக இதனை எழுதினோமல்லேம். 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பிள்ளை பிடிப்போர் என்னும் பொய்ச் செய்தி கைபேசி வழியே பரவி, அறியாத வழிப்போக்கர் பலர் கூட்டத்தாரால் அடித்துக் கொல்லப்பட்ட கொடுமையை யாரும் மறந்திருக்க மாட்டார். அதன்பின்னரே ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு கட்டினர். வாயிற்காவலன் ஒருவன் கள்வனையும் கல்லூரி எழுத்தரையும் முகம் பார்த்துப் பிரித்தறிய வல்லனல்லன். நடை பார்த்தே பிரிக்கின்றான். பத்து நிமிடத்தில் ஆயிரத்து நானூறு பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்பும் கணக்கின் நடை யாருடைய நடையை ஒத்திருக்கும் என்பதை நேயர்களே உன்னிக்க.

மாணவர் இதற்கும் விடை வைத்திருக்கின்றனர். செய்திக்கும் செய்திக்கும் இடையே சில வினாடிகள் முறைமாற்றி நிறுத்தலாமாம். "எழுதிக்கொண்டிருக்கின்றார்" என்னும் குறிப்பைச் சிறிது நேரம் காட்டி, பின்னர் அனுப்பலாமாம். ஒவ்வொருவர்க்கும் ஒரு சொல்லை மாற்றி வைத்தால் நிரல் ஐயுறாதாம். யாம் இதனைக் கேட்டுச் சற்றே திகைத்தோம். பொறி ஒன்றை மனிதனைப்போல் தயங்கித் தயங்கி எழுதுவதாக நடிக்கச் செய்து, காவலனைக் கடந்து செல்லுதல் ஒரு கல்லூரி தன் பெயரால் தன் மாணவர்க்குக் கற்பிக்கும் முதற் பாடமாதல் வேண்டுமா? அனுப்புஞ் செய்தி தூயதே; அனுப்பும் முறைக்கு வேடம் வேண்டியிருப்பின், அம்முறையிலேயே ஏதோ கோணல் உளது என்பது எம் துணிபு. தேர்வறையில் விடைத்தாளைப் பார்த்தெழுதுதல் தவறென்று காலையில் எச்சரித்துவிட்டு, மாலையில் இதனைச் செய்யச் சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஈராண்டுகட்கு முன் நம் விடுதியில் நிகழ்ந்த ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். இது நம்மவர் பிழையேயன்றிப் பிறர் பிழையன்று. ஆதலின் செயலியின் பெயர் வேண்டா. பழைய மாணவர் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்ப வேண்டியிருந்தது. விடுதி அலுவலகத்துக் கைபேசி எண்ணையே எடுத்து, இத்தகைய நிரல் ஒன்றோடு இணைத்து, பழைய முகவரிப் புத்தகத்திற் கண்ட எண்களுக்கெல்லாம் ஒரே இரவில் அனுப்பிவிட்டனர். அவருட் பலர் அவ்வெண்ணைத் தம் கைபேசியிற் குறித்து வைத்தவரல்லர். யாரோ வணிகர் என எண்ணி முறையிட்டனர் போலும். மறுநாள் அக்கணக்கு நின்றுவிட்டது. அழைப்புக்கு வந்த கேடு சிறிது. அஞ்சலட்டை எழுதிச் சரிசெய்துகொண்டோம். ஆயின் அவ்வெண்ணே பல ஆண்டுகளாக விடுதிப் பிள்ளைகளின் பெற்றோர் அறிந்திருந்த ஒரே எண். மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒரு தந்தையார், தம் மாமனார் இறந்த செய்தியை மகளுக்குப் பக்குவமாகக் கூறி அனுப்பிவைக்குமாறு காப்பாளர் அம்மையாருக்கு அதில் எழுதியிருந்தார். அது வந்து சேரவில்லை. அடக்கத்துக்குப் பின்னரே அப்பெண் தன் பாட்டனார் இறந்ததை அறிந்தாள். அழைத்துப் பேசியிருக்கலாகாதா என்று சிலர் கேட்பர். எழுதுவது போய்ச் சேரும் என்று நாமே அவருக்குப் பழக்கியிருந்தோம் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

செய்தி போகாதிருத்தலினும் பெரியதொரு கவலை உளது. செய்தி தங்கியிருத்தல் என்பதே அது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்திகள் யாவும், அனுப்புவோர் கருவியிற் பூட்டப்பெற்றுப் பெறுவோர் கருவியிலேயே திறக்கப்படுகின்றன. இடையே நிறுவனத்தாரும் படித்தற்கியலாது. நம் பழைய கணிப்பொறியும் இணைக்கப்பெற்ற ஒரு கருவியேயாதலின், அங்கும் பூட்டுத் திறக்கின்றது. நாம் அனுப்பும் அறிவிப்புக்கள் மட்டுமல்ல. அவ்வெண்ணுக்கு வரும் செய்திகளும் அங்கே திறக்கின்றன. "இம்மாதம் கட்டணம் கட்ட இயலவில்லை, பிள்ளைக்குத் தெரிய வேண்டா" என்று ஒரு தாய் எழுதுவதும், "எனக்கு இன்ன நோய், மருந்து உண்ணுகின்றேன்" என்று ஒரு மாணவி எழுதுவதும் அவ்வியந்திரத்தின் தரவுத்தளத்திற் குவிந்து கிடக்கும். இணைப்புக்குரிய இரகசியத் திறவுகோல்கள் ஒரு சாதாரண அடைவில் உள. அதனைப் படியெடுத்தவன் அவ்வெண்ணாகவே பேசவல்லன். சாளரத்துக்கு வைத்த திறவுச்சொல் ஆவணத்தில் எடுத்துக்காட்டாக அச்சிட்ட சொல்லாகவே விடப்பட்டு, வெளி இணையத்துக்கும் அது திறந்திருக்குமாயின், கல்லூரியின் வாயால் எவனும் எதுவும் கூறலாம். 2023-இல் இயற்றப்பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறர் தரவை வைத்திருப்பார்க்குக் கடமைகளை வகுத்துள்ளது. சட்டம் இல்லாவிடினும் அத்தாயின் கடிதத்தைப் பாதுகாத்தல் நம் கடமையன்றோ?

மேலும், மூன்றாண்டிற் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர் நிறுவிய பொறியை நான்காம் ஆண்டிற் பேணுவார் யார்? கடவுச்சொல் அவர் நினைவோடு ஊருக்குப் போய்விடும். கோடை விடுமுறையில் இணைப்புக்குரிய கைபேசி மேசை இழுப்பறையில் மின்னூட்டமின்றிக் கிடக்கும். முதன்மைக் கைபேசியை 14 நாட்களுக்கு மேற் பயன்படுத்தாதிருந்தால் இணைந்த கருவிகள் யாவும் கழன்றுவிடும் என்பது அச்செயலியின் முறை. ஆகவே ஜூன் மாதத்தில், சேர்க்கை அறிவிப்புக்கள் மிகுதியாகச் செல்ல வேண்டிய வாரத்திலேயே, நம் தூதன் வாய்மூடி நிற்பான். "செலவு ஒரு காசும் இல்லை" என்பார் இக்கணக்கையும் எழுதிக் கூட்டுவாராக.

அங்ஙனமாயின் நிறுவனத்தாரே அமைத்த முறையான வழி இல்லையோ எனின், உளது. 2018-இல் அவர்கள் தொழில் நிலையங்களுக்கென ஒரு சாளரத்தைத் திறந்தனர். அதன் ஒரு வடிவத்தை நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளவும் இயன்றது. 2022-இல் தம் இடத்திலேயே இயங்கும் மேக வடிவத்தை வெளியிட்டனர். பின்னர், சொந்த சர்வரில் நிறுவும் வடிவத்துக்கு 2025 அக்டோபரே இறுதி என நாட்குறித்து அறிவித்துவிட்டனர். இதனை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். நிறுவனத்தாரின் இசைவோடும் கையொப்பத்தோடும் "நம் வீட்டில்" வைத்திருந்த பொறிக்கே அந்நிலை எய்திற்றென்றால், இசைவின்றி வைத்திருக்கும் பொறிக்கு என்ன உறுதி?

இப்போதுள்ள முறையான வழியில் நாமாக முதலில் அனுப்பும் செய்தியின் வாசகத்தை முன்னரே காட்டி ஒப்புதல் பெறவேண்டும். பெறுவோர் இசைந்திருக்கவும் வேண்டும். அவர் நமக்கு எழுதிய 24 மணி நேரத்துக்குள் விரும்பியவாறு மறுமொழி எழுதலாம். 2025 ஜூலை முதல், ஒப்புதல் பெற்ற வாசகங்களுக்குச் செய்தி ஒன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் கணக்கிடுகின்றனர். இது சிறிது அலுப்பான முறையே. ஆயினும் அவ்வலுப்பில் ஒரு நன்மை காண்கின்றோம். ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுக்க வேண்டியிருப்பின், பிறந்தநாள் வாழ்த்தையும் பூக்கோலப் படத்தையும் கல்லூரியின் பெயரால் ஒருவரும் அனுப்ப மாட்டார்.

டெலிகிராம் என்னும் செயலியார் கொண்ட நெறி வேறு. அவர்கள் 2015-இலேயே நிரல்கள் வெளிப்படையாக நிரல்கள் என்றே பேசுவதற்கு பாட் என்னும் கணக்கு வகையை அமைத்தனர். 2020 நவம்பரில் அச்சாளரத்துக்குரிய சர்வர் நிரலையும் மூலத்தோடு வெளியிட்டமையால், விரும்புவார் தம் கணிப்பொறியிலேயே அதனை நிறுவிக்கொள்ளலாம். பொதுச் சாளரத்தில் 50 மெகாபைட் வரையே கோப்பு அனுப்ப இயலுமாக, சொந்தச் சாளரத்தில் 2000 மெகாபைட் வரை அனுப்பலாம். ஈண்டும் சாலை டெலிகிராமாருடையதே; அச்செய்திகள் இருமுனைப் பூட்டு உடையனவும் அல்ல. ஆயினும் ஒரு விதி எம் மனத்தைக் கவர்ந்தது. பாட் கணக்கு யாரிடமும் தானே சென்று பேச்சைத் தொடங்க இயலாது. மனிதரே முதலில் வந்து தொடங்குதல் வேண்டும். அழையாத வீட்டிற் புகாமை பொறிக்கும் ஒழுக்கமாக விதிக்கப்பெற்றுள்ளது. நம் மாணவருட் பெரும்பாலார் இச்செயலியில் உளர். பெற்றோரோ மிகச் சிலரே.

தூது என்பது தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவனார் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பிற்காலப் புலவர் அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தமிழையும்கூடத் தூது விடுத்தனர். அந்நூல்களைப் பயின்றார் ஒன்றைக் கண்டிருப்பர். தூது செல்லும் பொருளைப் புலவர் நெடிது புகழ்ந்து, இரந்து, பின்னரே செய்தியைக் கூறுவர். மேகம் தம் ஏவலாள் அன்று என்பது அவர்க்குத் தெரியும். நம் மாணவர்க்கோ அது மறந்துபோயிற்று.

உண்மையாகவே சாலையும் நம்முடையதாக இருத்தல் வேண்டும் என்பார்க்கும் வழி உண்டு. 1999-இல் ஜேபர் எனத் தோன்றிப் பின்னர் எக்ஸ்எம்பிபி எனப் பெயர்பெற்ற திறந்த மொழி ஒன்று உளது. மின்னஞ்சல்போல் எந்தச் சர்வரும் எந்தச் சர்வரோடும் அதிற் பேசலாம். வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் இஜேபர்டி என்னும் அம்மொழிச் சர்வரை எடுத்துத் திருத்தி அமைத்துக்கொண்டது என்பது வியப்பூட்டும் வரலாறு. பொதுவழியில் வளர்ந்தோர் தம் பகுதிக்குக் கதவிட்டுக்கொண்டனர். 2014-இல் தொடங்கிய மேட்ரிக்ஸ் என்னும் ஏற்பாடும் இவ்வகையதே. பிரெஞ்சு அரசினர் தம் அலுவலர்க்கென 2019-இல் வெளியிட்ட ட்சாப் என்னும் செயலி மேட்ரிக்ஸின்மேல் அமைந்தது. சைனாப்ஸ் என்னும் சர்வரை நம் பழைய கணிப்பொறியிலேயே நிறுவலாம். செய்தி அனுப்புஞ் சாளரம் அதனோடு உடன்பிறந்தது. வேடமும் வேண்டா, நடிப்பும் வேண்டா. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைகள் சட்டம், பெரிய உரையாடற் செயலிகள் பிற செயலிகளுக்கும் வழிவிடுதல் வேண்டும் என விதித்தது. அஃது ஐரோப்பாவிலுள்ளார்க்குப் பயன்படும்.

ஆனால் இவ்விடத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளலாகாது. விடுதிப் பிள்ளையின் தாய், கைபேசியில் ஒரே ஒரு பச்சைப் பெட்டியை மட்டும் திறக்கப் பழகியவர். அவரை மேட்ரிக்ஸ் செயலியை இறக்கிக்கொள்ளுமாறு கூறுதல், தபால் நிலையத்துக்குச் செல்லத் தெரிந்தவரைத் தந்திக் கம்பம் நடச் சொல்லுதலை ஒக்கும். ஆசிரியர் குழுக்களுக்கும் விடுதிச் செயற்குழுவுக்கும் அது பொருந்தும். நம் கணிப்பொறித் துறை மாணவர்க்கு அதனினும் சிறந்த பயிற்சி வேறு இல்லை. பெற்றோரை அடைதற்கு அவர் நிற்குமிடத்துக்கே நாம் செல்லுதல் வேண்டும். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின என்பதையும் நினைவில் வைத்தே செல்லுதல் வேண்டும்.

ஆதலின் எம் அபிப்பிராயம் இது. நம் மனையில் வைக்கத்தக்க பொறி ஒன்று உளது. அது மாணவர் காட்டிய பொறி அன்று. முகவரிப் பேரேடு, யார் எவ்வழியே செய்தி பெற இசைந்தார் என்னும் குறிப்பு, அனுப்ப வேண்டிய செய்திகளின் வரிசை, அனுப்பியது சேர்ந்ததா என்னும் பதிவு ஆகிய நான்கையும் நாமே நம் சர்வரில் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றின்மேல் ஒரே சாளரம் இருக்கட்டும். அலுவலக நிரலும் நூலக நிரலும் விடுதி நிரலும் அச்சாளரத்திலேயே சீட்டை நீட்டட்டும். சாளரத்துக்குப் பின்னே மின்னஞ்சல், குறுஞ்செய்தி, டெலிகிராம், முறையான வாட்ஸ்அப் எனப் பல தூதர் நிற்கட்டும். ஒருவர் நோயுற்றால் மற்றவர் செல்வார். ஒருவர் கூலி உயர்த்தினால் அவரை விடுத்து வேறொருவரை அமர்த்தலாம். கேட்கும் நிரல்கள் எதனையும் மாற்ற வேண்டுவதில்லை. இதனை எழுதுதல் மாணவர்க்கு இயலாததன்று. வேடமிடும் நிரலை இறக்கி வைத்தலினும் இதிற் கற்பன பல.

குறுஞ்செய்தி வழியும் தடையற்றதன்று. 2018-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தார் வகுத்த விதிகளின்படி, மொத்தமாக அனுப்பும் நிலையங்கள் தம் பெயரையும் வாசகத்தையும் முன்னரே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அதற்கு அலுவலகத்தார் ஒருவர் சில நாள் உழைக்க வேண்டியிருக்கும். உழைக்கட்டும். சாதாரணக் கைபேசி வைத்திருக்கும் பெற்றோர் இன்னும் பலர் உளராகலின், அவரைக் கைவிடாத வழி அஃதொன்றே. படிக்கட்டருகேயுள்ள அறிவிப்புப் பலகையையும் எவரும் கழற்றிவிட வேண்டா.

வேடமிடும் நிரல்களை அறவே தொடலாகாது என்றும் யாம் கூறவில்லை. அவற்றின் மூலத்தைத் திறந்து படித்து, பூட்டும் திறவும் எங்ஙனம் நிகழ்கின்றன என்பதை ஆய்வகத்திற் கற்றல் நன்றே. யாவர்க்கும் பொதுவான எண்ணை மட்டும் அவ்விளையாட்டிற் பணயம் வைத்தல் தகாது.

இதனைப் பற்றி மாணவர் தலைவரோடு யாம் உரையாடியபோது அவர் சிறிது வருந்தினார். "ஐயா, நீங்கள் கூறும் பொறிக்கு ஒரு பருவம் முழுதும் வேண்டும், எங்களது நேற்றே ஓடிற்று" என்றார். அது மெய்யே, அவர்க்கு மறுமொழியாக ஒரு பருவத்தைத் தர நாம் முன்வரல் வேண்டும். இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இதனை ஏற்று, மதிப்பெண்ணும் வழங்கி, முடித்த பின் பேணுதற்கு அலுவலகத்தில் ஒருவரைக் குறித்தல் துறையாரின் பொறுப்பு.

இடையில் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. வரும் ஆண்டுக்குரிய சேர்க்கை விண்ணப்பம் அச்சுக்குச் செல்லுமுன் அதில் இரண்டு வரிகளைச் சேர்க்குமாறு அலுவலகத்தாரை வேண்டுகின்றோம். ஒன்று, "கல்லூரிச் செய்திகளை எவ்வழியே பெற விரும்புகின்றீர்?" என்பது. மற்றொன்று, "அவசரத்தில் நாங்கள் எழுதாது அழைத்துப் பேசவேண்டிய எண் யாது?" என்பது.